கினிப்பன்றிக்குக் கால் அடிபட்டால் வயிற்றைக் கவனியுங்கள்

பிள்ளையின் மடியிலிருந்து திமிறிக் கீழே குதித்திருக்கும். அல்லது கூண்டின் கம்பித் தரையில் கால் மாட்டி, பயத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். அல்லது யாரோ கவனிக்காமல் கதவைச் சாத்தியிருப்பார்கள். எப்படி நடந்திருந்தாலும் நீங்கள் பார்க்கப்போவது ஒன்றுதான்: மூலையில் ஒடுங்கி, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் கினிப்பன்றி.

கம்போங் மேடான், டேசா மெந்தாரி பக்கத்து ஃபிளாட்டுகளில் நாய் வளர்ப்பது எளிதல்ல. பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள் என்று முயல், வெள்ளெலி, கினிப்பன்றி என ஏதாவது வாங்கித் தருகிறோம். வாங்கும்போது தீனியைப் பற்றியும் கூண்டைப் பற்றியும் கடைக்காரர் சொல்வார். கால் அடிபட்டால் என்ன செய்வது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் எலும்பு முறிந்த ஒரே காரணத்தால் கினிப்பன்றி சாவது அபூர்வம். வலியில் தின்னாமல் கிடந்து சாவதும், வீட்டிலிருந்த மனித மருந்தை நல்லெண்ணத்தில் கொடுத்ததால் சாவதும்தான் அதிகம். அதனால் காலைப் பார்க்கும் அதே கண்ணால் அதன் வாயையும் புழுக்கையையும் பார்க்கவேண்டும்.

உடனே என்ன செய்வது? துரத்திப் பிடிக்காதீர்கள். ஓட ஓட முறிவு மோசமாகும். ஒரு துண்டை மெதுவாக அதன் மேல் போட்டு, ஒரு கையை மார்புக்குக் கீழும் மறு கையைப் பின்பகுதிக்குக் கீழும் கொடுத்து, உடம்பு தொங்காமல் தூக்குங்கள். எவ்வளவு சாதுவானதும் வலியில் கடிக்கும். அது கோபம் இல்லை. பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அழுகையும் கூச்சலும் அதை இன்னும் மிரட்டும்.

எதைப் பார்க்கவேண்டும்? ரத்தம் வருகிறதா, எலும்பு வெளியே தெரிகிறதா, கால் பிடிப்பில்லாமல் தொங்குகிறதா, வீங்கியிருக்கிறதா, பின்னங்கால் இரண்டையுமே இழுத்துக்கொண்டு நகர்கிறதா, மூச்சு வாங்குகிறதா. இவ்வளவுதான். காலை நீட்டி மடக்கிப் பார்த்து முறிவா சுளுக்கா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. கினிப்பன்றியின் கால் எலும்பு மிக மெல்லியது. பரிசோதிக்கிறேன் என்று இழுத்தால் விரிசல் முறிவாகிவிடும்.

ரத்தம் வந்தால்? சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறையும் ரத்தம் கலைந்துவிடும். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றியின் உடம்பில் ஓடுவதே மொத்தம் 70 மில்லி ரத்தம் அளவுதான். நமக்குச் ‘சொட்டு ரத்தம்’ என்று தோன்றுவது அதற்குப் பெரிய இழப்பு. ஐந்து நிமிட அழுத்தத்திலும் நிற்காவிட்டால் அழுத்தியபடியே கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.

பல சமயம் ரத்தம் வருவது காலிலிருந்தே இருக்காது. நகம் பிய்ந்திருக்கும். கினிப்பன்றிக்கு முன்னங்காலில் நான்கு நான்கு விரல், பின்னங்காலில் மும்மூன்று, ஆக 14 நகங்கள். ஒவ்வொரு விரலையும் பாருங்கள். நகம் மட்டும் என்றால் சோளமாவை நகத்தின் நுனியில் அப்பி அழுத்தினால் ரத்தம் நிற்கும். சில நாள் அந்தக் கால் வீங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

காயத்தை எதால் கழுவுவது? மருந்தகத்தில் விற்கும் சலைன் (உப்புக் கரைசல்) போதும். அது இல்லையென்றால் ஆறவைத்த வெந்நீர். போவிடோன் அயோடின் இருந்தால், நீரில் கலந்து வெளிர் தே-ஓ நிறத்துக்கு வந்தபின் பயன்படுத்தலாம். டெட்டால் வேண்டாம். காமாட் எண்ணெய், டைகர் பாம், தலைவலித் தைலம் எதுவும் வேண்டாம். மஞ்சள் பத்தும் வேண்டாம். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் கினிப்பன்றி எந்நேரமும் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். காலில் தடவியது எல்லாம் அரை மணி நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். பத்துப் போட்டு மூடிய காயத்தை டாக்டரும் பார்க்க முடியாது.

ஐஸ்கிரீம் குச்சி வைத்துக் கட்டுப் போடலாமா? போடாதீர்கள். கினிப்பன்றியின் கால் குட்டை, தொடை பருமன். கட்டு நழுவிக் கீழே இறங்கி முறிந்த இடத்திலேயே பாரமாகத் தொங்கும். இறுக்கிக் கட்டினால் பாதத்துக்கு ரத்தம் போகாமல் அழுகிவிடும். எப்படியும் கட்டை அது கடித்துக் குதறத்தான் போகிறது. அசையவிடாமல் சிறிய பெட்டியில் வைப்பதே வீட்டில் நீங்கள் போடக்கூடிய நல்ல கட்டு.

வலிக்கிறதே, பெனடோல் கொடுக்கட்டுமா? வேண்டாம். மனிதருக்கான மாத்திரையை ஒரு கிலோ உடம்புக்குக் கணக்குப் பண்ணிக் கொடுப்பது நம் கையால் ஆகாத காரியம். ஐபுபுரோஃபென் அதைவிட ஆபத்து. கால்நடை மருத்துவர் பெரும்பாலும் மெலோக்சிகாம் என்ற வலி மருந்தைத் திரவமாகத் தருவார். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து வாயில் விடவேண்டும். வலி மருந்து ஆடம்பரம் இல்லை. வலி குறைந்தால்தான் அது தின்னும்.

இனிச் சொல்லப்போவது மிகவும் முக்கியம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குத் தொண்டை வலி என்றால் டாக்டர் எழுதித் தரும் அமாக்சிசிலின், அதன் குடும்பத்தைச் சேர்ந்த பெனிசிலின், ஆம்பிசிலின் எல்லாம் கினிப்பன்றிக்கு விஷம். கிளிண்டாமைசினும் எரித்ரோமைசினும் அப்படித்தான்.

ஏன் அப்படி? கினிப்பன்றி புல் தின்னும் பிராணி. அதன் பெருங்குடலில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிரிகள் இருந்து நாரைச் செரிக்க உதவுகின்றன. இந்த மருந்துகள் நல்லவற்றைக் கொன்றுவிடும். மிஞ்சி இருக்கும் கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். மருந்து தொடங்கிய சில நாட்களில் வயிற்றுப்போக்கு, பிறகு சாவு. கால் ஆறிக்கொண்டிருக்கும்போதே பிராணி போய்விடும்.

இதில் ஒரு சரித்திரம் உண்டு. 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு பெனிசிலினை முதன்முதலாகக் கிருமி ஏற்றிய பிராணிகளில் சோதித்தது. அவர்கள் எடுத்துக்கொண்டவை எட்டுச் சுண்டெலிகள். கிருமி ஏற்றிய எட்டில் மருந்து கொடுக்காத நான்கும் செத்தன, கொடுத்தவை பிழைத்தன. பெனிசிலின் கினிப்பன்றியைக் கொல்லும் என்று 1943-ல் தெரியவந்தது. ஆராய்ச்சிக்கூடம் என்றாலே கினிப்பன்றிதான் நினைவுக்கு வரும் காலம் அது. அன்றைக்குச் சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றியைக் கூண்டிலிருந்து எடுத்திருந்தால், இந்த மருந்து ஆகாது என்று மூடி வைத்திருப்பார்களோ என்னவோ.

அப்படியென்றால் கினிப்பன்றிக்கு ஆன்டிபயாட்டிக்கே கூடாதா? கூடும். என்ரோஃப்ளாக்சசின், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா போன்றவற்றை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். நாய் பூனை மட்டுமே பார்த்துப் பழகிய கிளினிக்கில், பழக்கத்தில் கை அமாக்சிசிலின் பக்கம் போகலாம். மருந்தை வாங்கிக்கொள்ளும்போது, “டாக்டர், இது பெனிசிலின் வகையா? கினிப்பன்றிக்கு ஒத்துக்கொள்ளுமா?” என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருந்தகத்தில் நாமே வாங்கும் ஆன்டிபயாட்டிக் களிம்புக்கும் இதே கதைதான். பேசிட்ராசின் கலந்த களிம்பை நக்கினால் அதுவும் வயிற்றைக் கெடுக்கும்.

விடியும்வரை காத்திருக்கலாமா? எலும்பு வெளியே தெரிந்தால், ரத்தம் நிற்காவிட்டால், இரண்டு பின்னங்கால்களும் செயலற்றுப் போனால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்கக்கூடாது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கிளினிக்குக்கு அந்த இரவே போகவேண்டும். பூனையோ நாயோ கடித்திருந்தாலும் அன்றே போங்கள். பல் பட்ட துளை ஊசி முனையளவுதான் தெரியும். உள்ளே கிருமி போய் ஓரிரு நாளில் உடம்பெங்கும் பரவிவிடும்.

இவை எதுவும் இல்லை, காலை மட்டும் ஊன்றவில்லை, ஆனால் கொடுத்த கொத்தமல்லியைத் தின்கிறது என்றால் விடியும்வரை பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். சுளுக்காக இருந்தால் ஓரிரு நாளில் தெளியத் தொடங்கும். தின்ன மறுத்தால் கணக்கு மாறிவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாத கினிப்பன்றி, கால் எப்படி இருந்தாலும், அவசர நோயாளி. வெளியே குடல் தேக்கம் (உணவு நகராமல் குடல் நின்றுபோவது) தெரியாது. புழுக்கை சிறுத்து, குறைந்து, பிறகு இல்லாமலே போகும். நல்ல நிலையில் ஒரு நாளைக்கு நூறு புழுக்கைக்கு மேல் போடும் பிராணி இது. கூட்டிப் பெருக்கும்போது நாம் அலுத்துக்கொள்ளும் விஷயம் இந்த நேரத்தில் உங்களுக்கு உதவும்.

எங்கே கொண்டுபோவது? ‘வெட்’ என்று பலகை மாட்டியிருக்கும் எல்லாருமே கினிப்பன்றி பார்ப்பதில்லை. பெட்டாலிங் ஜெயாவிலும் பழைய கிள்ளான் சாலைப் பக்கமும் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. முதலில் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். கினிப்பன்றி பார்ப்பீர்களா? எக்ஸ்ரே எடுக்கும் வசதி இருக்கிறதா? பார்க்க எவ்வளவு, எக்ஸ்ரேக்கு எவ்வளவு? முயல், ஆமை, பறவை இவற்றைப் பார்க்கும் மருத்துவரை ‘எக்சோடிக்’ டாக்டர் என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் எதிர்முனையில் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. 1972-ல் தொடங்கிய கால்நடை மருத்துவப் புலத்தைச் சேர்ந்தது அது. சிக்கலான முறிவு என்றால் தனியார் கிளினிக்கிலிருந்தே அங்கே அனுப்பக்கூடும். அதற்கும் முன்கூட்டிப் போன் செய்து, எந்த நேரத்தில் வரலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பெட் ஷாப்காரரிடம் காட்டினால் போதாதா? அவர் அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் மலேசியாவில் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் விலங்குக்கு வைத்தியம் செய்யலாம். 1974-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம் இருப்பதே அதற்குத்தான். கடையில் தரும் ‘பவுடர் மருந்து’ என்ன என்று பாக்கெட்டில் பேர்கூட இருக்காது.

எப்படிக் கொண்டுபோவது? மோட்டார் வேண்டாம். நம் பக்கத்தில் பலருக்கு மோட்டார்தான் வாகனம் என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு குழியிலும் வேகத்தடையிலும் முறிந்த எலும்பு ஒன்றோடொன்று உரசும். பக்கத்து வீட்டுக்காரரின் காரையோ, செல்லப்பிராணிகளை ஏற்றும் கிராப்பையோ பாருங்கள். கிராப் பதிவு செய்யும்போதே பிராணி இருப்பதைச் சொல்லிவிட்டால் ஓட்டுநர் வந்து நின்றபின் வாக்குவாதம் இருக்காது.

பக்கங்கள் உயரமான அட்டைப்பெட்டி போதும். அடியில் துண்டை மடித்துப் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் சுருட்டிய துணி வைத்தால் வண்டி திரும்பும்போது உருளாது. காற்றோட்டத்துக்கு ஓட்டை போடுங்கள். ஒரு பிடி வைக்கோல், ஒரு துண்டு வெள்ளரி உள்ளே இருக்கட்டும். வழியில் தின்கிறதா என்பதும் டாக்டருக்கு ஒரு தகவல்.

வெயில் விஷயத்தில் நம் ஊர் கொடுமையானது. கினிப்பன்றி தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்துப் பிராணி. 28 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். கோலாலம்பூரில் மதியம் சாதாரணமாக 32, 33 டிகிரி. காலையிலோ மாலையிலோ போவது நல்லது. மதியத்தில்தான் போகவேண்டும் என்றால் காரில் ஏர்கோன் போட்டுக் குளிர்ந்தபின் பெட்டியை உள்ளே வையுங்கள். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப்போகாதீர்கள். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. அடிபட்ட அதிர்ச்சியில் காது சில்லென்று இருந்தால் உடம்புச் சூடு இறங்குகிறது என்று பொருள். அப்போது துண்டால் போர்த்தி, ஏர்கோன் காற்று நேரே படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்? முறிவு எங்கே, எப்படி என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும். அசையாமல் படம் எடுக்கச் சில சமயம் மயக்கமருந்து கொடுப்பார்கள். நாய் பூனைக்குப் போல முதல் நாள் இரவே பட்டினி போட்டுக் கொண்டுபோகாதீர்கள். கினிப்பன்றிக்கு வாந்தி எடுக்க வராது. நீண்ட பட்டினி அதன் குடலை நிறுத்திவிடும். எவ்வளவு நேரம் தீனி நிறுத்தவேண்டும் என்று டாக்டரே சொல்வார்.

பிறகு சிகிச்சை. பாதத்துக்குப் பக்கத்து முறிவுக்குச் சில சமயம் இலேசான கட்டுப் போடுவார்கள். எலும்பு பெரிதாக விலகியிருந்தால் உள்ளே கம்பி வைக்கும் அறுவை இருக்கிறது. சின்ன எலும்பு, மயக்கமருந்தின் ஆபத்து, செலவு மூன்றும் சேர்ந்து அதைக் கடினமாக்கும். பெரும்பாலான மூடிய முறிவுகளுக்கு (தோல் கிழியாமல் உள்ளேயே முறிந்தவை) டாக்டர் சொல்வது கூண்டு ஓய்வு: சின்ன இடத்தில் நான்கு முதல் ஆறு வாரம் அடக்கி வைப்பது, கூடவே வலி மருந்து. “இதற்கா இவ்வளவு செலவு?” என்று தோன்றும். ஆனால் எலும்பு தானாகக் கூடும் பிராணி இது. கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் குறையில்லாமல் நடந்து திரியும்.

காலை எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டால்? எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து அழுக்குப் பட்டிருந்தால், அல்லது பாதத்துக்கு ரத்தம் போகாமல் கறுத்துவிட்டால், டாக்டர் அப்படிச் சொல்லலாம். நமக்குக் கேட்கவே பதறும். கினிப்பன்றி மரம் ஏறுவதில்லை, தாவுவதில்லை. மூன்று காலோடு, முக்கியமாகப் பின்னங்கால் ஒன்று இல்லாமல், ஆச்சரியப்படும்படி சமாளித்துக்கொள்ளும். எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதுகெலும்பே முறிந்து, சிறுநீர் கழிக்கவும் முடியாமல் வதைபடுகிறது என்றால் வலியில்லாமல் உயிரை முடித்துவிடும் யோசனையை டாக்டர் சொல்வார். அது வேறு விஷயம். அந்த முடிவை வீட்டில் நீங்களே செயல்படுத்திவிடாதீர்கள்.

செலவைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவோம். எக்ஸ்ரேயும் மருந்தும் நீங்கள் கினிப்பன்றியை வாங்கிய விலையைத் தாண்டும். பணம் குறைவு என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். “எக்ஸ்ரே இல்லாமல் வலி மருந்தும் கூண்டு ஓய்வும் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்பதில் வெட்கம் இல்லை. பல முறிவுகளுக்கு அது ஏற்கத்தக்க வழிதான். கொண்டுபோகாமலே விட்டுவிடுவதுதான் தவறு. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நம் நாட்டில் 2017 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. வலி, காயம், நோய் இவற்றிலிருந்து பிராணியைக் காப்பது வளர்ப்பவரின் கடமை என்று அது சொல்கிறது. கொடுமைக்கு அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்கி ஒரு லட்சம் ரிங்கிட் வரை போகும், மூன்றாண்டுவரை சிறையும் உண்டு. தவறி விழுந்ததற்கு யாரும் உங்களைப் பிடிக்கப்போவதில்லை. முறிந்த காலோடு வாரக்கணக்கில் போட்டு வைப்பது வேறு.

வீட்டுக்கு வந்தபின் எங்கே வைப்பது? இரண்டடிக்கு ஒன்றரை அடி இடம் போதும். மாடி, சாய்தளம், ஏறி உட்காரும் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடியில் மெத்தென்ற துணி விரித்துத் தினமும் மாற்றுங்கள். தண்ணீர்ப் புட்டியைத் தாழ்த்தி மாட்டுங்கள். எட்டிக் குடிக்க வலித்தால் குடிக்காமலே இருந்துவிடும். வைக்கோலை உயரத் தட்டில் வைக்காமல் வாய்க்குப் பக்கத்திலேயே குவியுங்கள். மதிய வெயில் அடிக்கும் பால்கனியில் மட்டும் வைக்காதீர்கள்.

இரண்டு கினிப்பன்றி இருந்தால் பிரிக்கவேண்டுமா? தனிமை அதற்கு ஆகாது. ஒன்று இன்னொன்றை ஏறி மிதிக்காதபடி நடுவே வலைத் தட்டி வைத்து, பார்த்துக்கொள்ளவும் முகர்ந்துகொள்ளவும் விடுங்கள். துணை இருந்தால் தின்பதும் கூடும்.

தின்னவே மாட்டேன் என்றால்? சிரிஞ்சில் ஊட்டவேண்டியதுதான். வழக்கமான பெல்லட் தீனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மசித்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே தூளாக விற்கும் தீனியும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். துண்டில் சுற்றி, மல்லாத்தாமல் உட்கார்ந்த நிலையிலேயே பிடித்து, முன்பல்லுக்குப் பின்னால் வாயோரமாகச் சிரிஞ்சை நுழையுங்கள். அரை மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை பொறுத்து, அடுத்த அரை மில்லி. அவசரப்பட்டால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி. இரவில் எழுந்திருக்க வேண்டிவரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய சுமைதான். பெரும்பாலும் சில நாளில் தானாகத் தின்னத் தொடங்கிவிடும்.

தேறுகிறதா என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். சுவரில் ஒட்டிய தாளில் எழுதி வையுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கால் நன்றாக இருந்தாலும் டாக்டரைப் பார்க்கவேண்டும். பல்லை நறநறவென்று கடிப்பது, கூன்போட்டு உட்கார்வது, ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தத்துக்குக் கீச்சிடாமல் இருப்பது இவையெல்லாம் வலியின் அடையாளம்.

காயம் திறந்திருந்தால் ஈயைக் கவனியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளிலேயே புழு வந்துவிடும். கூண்டின் மேல் கொசுவலை போர்த்துவது மலிவான தற்காப்பு. நடக்க முடியாமல் ஒரே இடத்தில் கிடப்பதால் பின்பக்கத்தில் சிறுநீர் ஊறும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். காயத்தை நக்காமல் இருக்க நாய்க்குப் போடும் கூம்புக் கழுத்துப்பட்டையைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். கினிப்பன்றி தன் மென்மையான புழுக்கையைத் திரும்பத் தின்று சத்தெடுக்கும். பட்டை போட்டால் வாய் அங்கே எட்டாது.

இப்போது ஒரு சந்தேகம் வரவேண்டும். யாரும் கீழே போடவில்லை, எங்கும் மாட்டவில்லை, ஆனாலும் நொண்டுகிறது. ஏன்? வைட்டமின் சி குறைவாக இருக்கலாம். நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. தீனியில் கிடைக்காவிட்டால் ஸ்கர்வி (ஈறு, மூட்டு, ரத்தக்குழாய் பலவீனப்படும் நோய்) வரும். மூட்டு வீங்கி வலிக்கும், காலை ஊன்றாது, தொட்டால் கத்தும். 1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வந்ததைக் கண்டார்கள். கப்பல் மாலுமிகளைக் கொன்ற நோயின் காரணம் பிடிபட அது வழி திறந்தது.

பெல்லட்டில் வைட்டமின் சி சேர்த்திருக்கிறது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே? இருக்கும். ஆனால் அந்தச் சத்து நாளாக ஆகக் குறையும். நம் வெக்கையிலும் ஈரத்திலும் இன்னும் சீக்கிரம் போகும். பெரிய மூட்டையாக வாங்கி ஆறு மாதம் வைத்துப் போடுவது சிக்கனம் இல்லை. தண்ணீரில் சொட்டு விடும் மருந்தும் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும். அதைவிடக் குடைமிளகாய் ஒரு துண்டு தினமும் கொடுங்கள். பாசார் மாலாமில் கிடைக்கும் கொய்யாவில் விதை நீக்கிச் சின்னத் துண்டு கொடுக்கலாம். இனிப்பு அதிகம், அதனால் அளவாக. ஆரோக்கியமான கினிப்பன்றிக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். எலும்பு கூடும் நாட்களில் அதிகம் தேவை, எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். வைட்டமின் சி இல்லாமல் எலும்பும் சரியாகக் கூடாது.

இன்னொரு காரணம் உள்ளங்கால் புண். கம்பித் தரையிலும் ஈரத் துணியிலும் நின்று நின்று பாதம் சிவந்து, தடித்து, புண்ணாகி, கடைசியில் எலும்புவரை போகும். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். முடியில்லாத ரோஜா நிறத் தோல் வழவழப்பாக இருந்தால் நல்லது. செதிலும் கறுப்புப் பொருக்கும் தெரிந்தால் அது விபத்தே இல்லை, கூண்டின் குற்றம்.

கம்பித் தரைக் கூண்டு மலிவு, கழுவ எளிது என்று கடையில் சொல்வார்கள். கால் மாட்டுவதும் பாதம் புண்ணாவதும் பெரும்பாலும் அந்தக் கூண்டில்தான். வைத்திருந்தால் தட்டையான பலகையோ தடித்த துணியோ விரித்து மூடிவிடுங்கள். கம்பியாலான வைக்கோல் தொட்டியிலும் கால் சிக்கும். பிள்ளைகள் கினிப்பன்றியைத் தூக்கும்போது தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். சோபாவின் உயரத்திலிருந்து விழுந்தாலே முன்னங்கால் முறியலாம். தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு பாயும். அன்றைக்கு மடியில் வைக்காமல் கூண்டிலேயே விட்டு, மேலே துணியைப் போர்த்துங்கள்.

கினிப்பன்றி பார்க்கும் கிளினிக் எது, அதன் இரவு எண் என்ன என்று அடிபட்ட பிறகு தேடாதீர்கள். இன்றைக்கே நான்கைந்து இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, இரண்டு எண்ணைக் கூண்டின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.